நான்கு தக்தங்களும் நான்கு டிகிரிகளும்: தீக்காயத்தைத் தரம்பிரித்த வரலாறு

இந்திய அறுவை மருத்துவத்தின் பழமை பேசப்படும் பாடநூல் முன்னுரைகளிலும் கருத்தரங்க உரைகளிலும் ஓர் அட்டவணை அடிக்கடி தலைகாட்டுகிறது. அதன் இடப்பக்கத்தில் சுஸ்ருத சம்ஹிதை கூறும் பிலுஷ்டம், துர்தக்தம், சம்யக்தக்தம், அதிதக்தம் என்ற நான்கு சொற்கள் நிற்கும். வலப்பக்கத்தில் முதல் டிகிரி தொடங்கி நான்காம் டிகிரி வரையிலான தீக்காயங்கள் நிற்கும். 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா கண்டதை இந்தியா பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டது என்பது அந்த அட்டவணை சொல்ல விரும்பும் செய்தி. மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் இரண்டாம் வரியைத் தாண்டுவதற்குள் அட்டவணை உடைந்துவிடுகிறது. அது ஏன் உடைகிறது என்று கேட்பது, இரு பக்கங்களில் எது முந்தியது என்று வாதிடுவதைவிட வரலாற்று மாணவருக்குப் பயன் தரும்.

இந்த நால்வகைப் பகுப்பு இடம்பெறுவது சம்ஹிதையின் சூத்திரஸ்தானத்தில், 12-ஆம் அத்தியாயத்தில். நூல் ஒரே காலத்தில் ஒரே கையால் எழுதப்பட்டதன்று. பல நூற்றாண்டுகளில் அடுக்கடுக்காக வளர்ந்தது. கி.பி. 878 எனத் தேதியிடப்பட்ட ஓலைச்சுவடி ஒன்று நேபாளத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் டல்ஹணர் எழுதிய உரை இன்றுவரை வாசிப்பை வழிநடத்துகிறது. அச்சுக்கு வந்தது 1835-36-இல், கல்கத்தாவில். பதிப்பித்தவர் மதுசூதன் குப்தா. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1836-இல் மனித உடலை அறுத்து ஆராய்ந்த முன்னோடியாக நினைக்கப்படுபவரும் இவரே. பழைய நூலைப் பதிப்பித்த கையும் புதிய கத்தியைப் பிடித்த கையும் ஒன்றாக இருந்தது என்பதை, இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவோர் ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

12-ஆம் அத்தியாயத்தின் பொருள் தீக்காயமன்று. அக்னிகர்மம், அதாவது நோய் தீர்ப்பதற்காக மருத்துவர் தம் கையாலேயே உடலைச் சுடுவது. தமிழில் சூடு போடுதல் என்று வழங்கும் செயலுக்கு அறுவை நூல் தரும் ஒழுங்குமுறை என்று கொள்ளலாம். நெருப்பால் சுட்டுத் தீர்த்த நோய் மீண்டும் வராது. ஆகவே அது காரத்தைவிட மேலானது என்று அத்தியாயம் தொடங்குகிறது. தோலளவில் உள்ள நோய்க்குத் திப்பிலி, ஆட்டுப்புழுக்கை, பசுவின் பல், அம்பு, சலாகை ஆகியவற்றைக் காய்ச்சிச் சுட வேண்டும். தசையளவில் உள்ளதற்கு நாவற்பழம் போன்ற முனைகொண்ட கருவியும் பிற உலோகங்களும் வேண்டும். நரம்பு, நாளம், மூட்டு, எலும்பு ஆகியவற்றுக்குத் தேன், வெல்லம், நெய் வகைகள் உரியவை. சுடும் வடிவமும் வகுக்கப்பட்டுள்ளது: வளையம், புள்ளி, கோடு, தேய்ப்பு. குழந்தைகள், முதியவர், வலிமையற்றவர், அஞ்சுபவர் ஆகியோரைச் சுடலாகாது என்ற விலக்கும் உண்டு.

சரியாகச் சுட்டோமா என்பதை எப்படி அறிவது? நூல் அடையாளங்களைத் தருகிறது. தோல் சுடப்பட்டால் ஒலி எழும், நாற்றம் வரும், தோல் சுருங்கும். தசை சுடப்பட்டால் புறாவின் நிறம் வரும்; வீக்கமும் வலியும் குறைவாக இருக்கும்; புண் உலர்ந்து சுருங்கும். நாளமும் நரம்பும் சுடப்பட்டால் இடம் கறுத்து மேடிடும், கசிவு நிற்கும். மூட்டும் எலும்பும் சுடப்பட்டால் புண் கரடுமுரடாகவும் சிவந்தும் கெட்டியாகவும் இருக்கும். கண்ணும் காதும் மூக்கும் ஒருசேரப் பணிபுரிந்த பயிற்சிக்கூடம் ஒன்று இந்த வரிகளுக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும். ஏட்டை மட்டும் படித்தவருக்கு ஒலியும் நாற்றமும் நினைவுக்கு வரமாட்டா.

இந்தப் பின்னணியில்தான் நால்வகைத் தக்தங்கள் வருகின்றன. பிலுஷ்டம் என்பது நிறம் மாறி மிகவும் வாடிப்போன இடம். துர்தக்தம் என்பது கொப்புளங்கள் எழுந்து, உறிஞ்சி இழுப்பதுபோன்ற வேதனையும் எரிச்சலும் சிவப்பும் சீழ்ப்பும் தந்து, நாட்பட்டே அடங்குவது. சம்யக்தக்தம் ஆழமாக இறங்காதது, பனம்பழ நிறம் கொண்டது, மேடுபள்ளமின்றி அமைந்தது. அதிதக்தத்தில் தசை தொங்கும், உறுப்பு கட்டுவிடும், நாளமும் நரம்பும் மூட்டும் எலும்பும் கெடும். காய்ச்சல், எரிச்சல், தாகம், மூர்ச்சை ஆகியவை தொடரும். புண் ஆறுவதற்கு நாளாகும், ஆறிய பின்னும் நிறம் மாறியே இருக்கும்.

சம்யக் என்றால் செவ்வையாக என்று பொருள். துர் என்றால் கெட்ட, பழுதான. அதி என்றால் அளவு மீறிய. செவ்வையான தீக்காயம் என்று ஒன்று எப்படி இருக்க முடியும்? விபத்தில் வெந்த உடலைப் பார்த்து எவரும் அப்படிச் சொல்லமாட்டார். சுட நினைத்தவர், சுட்டு முடித்தபின், தம் கைவேலையைப் பார்த்துச் சொல்லும் சொல் அது. நான்கு தக்தங்களும் முதலில் அளப்பது மருத்துவரின் கையை. சலாகை போதிய அளவு காயவில்லை, பழுதாகச் சுட்டது, சரியாகச் சுட்டது, மிகையாகச் சுட்டது என்பதே அந்த வரிசை. கவனக்குறைவாலும் விபத்தாலும் நேரும் காயங்களுக்கும் இதே அளவுகோல் நீட்டிக்கப்படுகிறது. ஆயினும் அளவுகோலின் பிறப்பிடம் சிகிச்சையறை.

அட்டவணை உடைவதற்குக் காரணம் இதுதான். கொப்புளம் எழுந்து, சீழ்கொண்டு, நாட்பட்டு ஆறும் துர்தக்தத்தை இரண்டாம் டிகிரி என்று வைத்துக்கொண்டால், அதற்கு அடுத்த படியான சம்யக்தக்தம் அதனினும் ஆழமான மூன்றாம் டிகிரியாக இருந்தாக வேண்டும். மூலமோ அதனை ஆழமற்றது என்கிறது. படிக்கட்டு என்று நாம் கருதியது படிக்கட்டே அன்று. நடுவில் ஒரு விரும்பத்தக்க புள்ளி, அதற்கு முன்னும் பின்னும் தவறுகள். இதனை ஆழத்தின் ஏணியாக நிமிர்த்தி வைப்பவர் சுஸ்ருதரைப் பெருமைப்படுத்துவதாக எண்ணிக்கொண்டு, நூல் உண்மையில் அறிந்திருந்த ஒன்றை அழிக்கிறார்.

சிகிச்சைப் பகுதியில் பொருத்தம் இன்னும் தளர்கிறது. பிலுஷ்டத்திற்கு நூல் விதிப்பது வெப்பம்: உடலை நெருப்பில் காய்ச்சு, சூடான மருந்தைக் கொடு. நீர் இயல்பிலேயே குளிர்ச்சியானது, குருதியை உறையச் செய்யும். சூடு குருதியை இளக்கும். ஆகவே சூடே இதம் தரும், குளிர் ஒருபோதும் தராது என்பது அதன் தருக்கம். துர்தக்தத்திற்குச் சூடும் குளிரும் கலந்த முறை. ஆனால் நெய்யும் பூச்சும் நீர்வார்ப்பும் குளிர்ச்சியாகவே இருக்க வேண்டும். சம்யக்தக்தத்திற்கு மூங்கிலுப்பு, சந்தனம், காவிக்கல், சீந்தில் முதலியவற்றை நெய்யில் குழைத்த பூச்சு. அதிதக்தத்தில், சிதைந்த தசையை அகற்றிவிட்டுக் குளிர்ந்த சிகிச்சை செய்து, நெல்லரிசி மாவும் பனிச்சை மரப்பட்டையும் நெய்யில் குழைத்துப் பூசி, சீந்தில் இலையாலோ நீர்த்தாவரங்களின் இலையாலோ மூட வேண்டும். எல்லாத் தீக்காயங்களுக்கும் பொதுவாகத் தேன்மெழுகு, அதிமதுரம், குங்கிலியம், மஞ்சிட்டி, சந்தனம் முதலியவை சேர்த்துக் காய்ச்சிய நெய் ஒன்றும் சொல்லப்படுகிறது.

இன்றைய முதலுதவியின் முதல் விதி இதற்கு நேர்மாறானது: சுட்ட இடத்தில் ஓடும் குளிர்நீரை ஏறத்தாழ 20 நிமிடம் விட வேண்டும், பனிக்கட்டியும் கூடாது, நெய்யும் கூடாது, பற்பசையும் கூடாது. புதிய காயத்தின் மேல் அப்பிய நெய் வெப்பத்தை உள்ளேயே தேக்கும். மருத்துவமனையில் காயத்தின் ஆழத்தைக் கண்டறிவதற்கும் தடையாகும். பழைய நூல் இன்றைய அறிவியலையே சொல்கிறது என்று வகுப்பறையில் கூறப்படும் பொய்ப்பெருமை, அடுக்களையில் ஒருவர் கையின் மேல் நெய்யாக வந்து விழக்கூடும். அவ்வகையில் இந்த அட்டவணை வெறும் ஏட்டுப்பிழை மட்டுமன்று.

நூலின் கூர்மை வெளிப்படும் இடங்கள் வேறு. காய்ந்த எண்ணெயும் நெய்யும் சுடும்போது வலி மிகுதி; ஏனெனில் அவை நுண்ணியவை, நாளங்களின் வழியே புகுந்து தோலையும் உள்ளுறுப்புகளையும் விரைந்து எரிக்கும் என்று நூல் கூறுகிறது. விளக்கம் இன்று நிற்காது. எண்ணெய் நீரின் கொதிநிலையைத் தாண்டிக் காயக்கூடியது, தோலில் ஒட்டிக்கொண்டு மெல்லவே ஆறும் என்பதே இன்றைய விளக்கம். ஆனால் கொதிநீர்க் காயத்தையும் கொதியெண்ணெய்க் காயத்தையும் ஒன்றாகக் கருதாதே என்ற கவனிப்பு நிற்கிறது. அத்தியாயத்தின் இறுதிப்பகுதியில் புகையால் தாக்குண்டவர் தனியே பேசப்படுகிறார்: மூச்சு முட்டும், தும்மலும் இருமலும் வரும், கண் எரிந்து சிவக்கும், வெளிவிடும் மூச்சில் புகை வரும், வேறு எந்த மணமும் தெரியாது, சுவையும் கேள்வியும் மங்கும், தாகமும் காய்ச்சலும் கூடும், மயக்கம் வரும். தோலில் ஒரு வடுவும் இல்லாதவரைத் தீயால் தாக்குண்டவராகக் காண்பதற்குத் தனிப்பார்வை வேண்டும். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் இறந்த 59 பேரைக் கொன்றதும் பெரும்பாலும் புகையே. இந்தப் பகுதியை டிகிரி அட்டவணையில் சேர்க்க இடமே இல்லை. ஆகையால் அது மேற்கோள் காட்டப்படுவதும் அரிது.

ஐரோப்பாவின் டிகிரிகள் வேறொரு களத்தில் பிறந்தவை. வெடிமருந்தின் நூற்றாண்டுகளில் அறுவை மருத்துவர் முன் வந்து விழுந்தவை, அவர் சுடாத காயங்கள். ஃபாப்ரிசியுஸ் ஹில்டானுஸ் என்ற வில்ஹெல்ம் ஃபாப்ரி 1607-இல் பாசல் நகரில் தீக்காயங்களுக்கென்றே ஒரு தனிநூல் வெளியிட்டு அவற்றை மூன்று படிகளாக வகுத்தார். பாரிஸின் துப்புய்த்ரென் 1832-இல் வெளிவந்த தம் விரிவுரைகளில் ஆறு படிகள் கண்டார்: சிவப்பு, கொப்புளம், தோலின் மேற்பகுதி அழிவு, முழுத்தோல் அழிவு, தசை அழிவு, எலும்புவரை கரிதல். இங்குதான் அளவுகோல் முதன்முதலாக முழுமையாக உடற்கூற்றின் அடுக்குகளோடு பொருந்துகிறது. பிணப்பரிசோதனை மேசை இல்லாமல் இந்த ஏணி அமைந்திருக்க முடியாது. கேள்வியும் மாறிவிட்டது; கை சரியாகச் செய்ததா என்பது போய், தீ எவ்வளவு தூரம் இறங்கியது என்பது வந்தது.

இந்த ஏணியின் முதற்படி சிவப்பு. வெளிறிய தோலை எதிரே வைத்து எழுதப்பட்ட சொல் அது. கருந்தோலில் சிவப்பு எளிதில் தெரிவதில்லை. விரலால் அழுத்தி எடுத்து நிறம் திரும்புகிறதா என்று பார்க்கும் சோதனையும் அங்கே தடுமாறுகிறது. இந்திய மாணவர்கள் நெடுங்காலம் ஐரோப்பிய உடல்களின் வண்ணப்படங்களைக் கொண்டே தீக்காயம் கற்றார்கள். சுஸ்ருத சம்ஹிதை பிலுஷ்டத்திற்குச் சிவப்பு என்று சொல்லாமல் நிறம் மாறியது என்று மட்டும் சொல்வதையும், சம்யக்தக்தத்திற்குப் பனம்பழத்தை உவமையாக்குவதையும் இங்கு நினைக்கலாம். துர்தக்தத்தில் சிவப்பும் சொல்லப்படுவதால் இதை மிகைப்படுத்தக் கூடாது.

20-ஆம் நூற்றாண்டு ஆழத்தின் அருகே பரப்பை வைத்தது. 1942 நவம்பர் 28 அன்று பாஸ்டனின் கோகோனட் குரோவ் இரவு விடுதியில் நேர்ந்த தீயில் 492 பேர் இறந்தனர். பிழைத்தவர்களுக்குச் சிகிச்சையளித்த அனுபவத்திலிருந்து, வெந்த பரப்பை வைத்தே உடலுக்குச் செலுத்த வேண்டிய நீர்மத்தைக் கணக்கிடும் முயற்சிகள் உறுதிபெற்றன. குழந்தையின் தலை வளர்ந்தவரின் தலையைவிட உடலில் பெரும்பங்கு என்பதைக் கணக்கில் கொண்டு லண்டும் பிரவுடரும் 1944-இல் ஒரு வரைபடம் தந்தனர். 1951-இல் எடின்பரோவின் வாலஸ் ஒன்பதுகளின் விதியைப் பரப்பினார்: தலை 9 சதவீதம், ஒவ்வொரு கையும் 9, ஒவ்வொரு காலும் 18, உடலின் முன்புறம் 18, பின்புறம் 18, எஞ்சிய ஒன்று பிறப்புறுப்புப் பகுதிக்கு. 1960-களின் இறுதியில் டல்லஸின் பார்க்லண்ட் மருத்துவமனையிலிருந்து வந்த சூத்திரம் இன்றும் வழக்கில் உள்ளது. ஒரு கிலோ எடைக்கும் ஒரு சதவீதப் பரப்புக்கும் 4 மில்லிலிட்டர் வீதம், 24 மணி நேரத்தில். அதில் பாதி முதல் 8 மணி நேரத்திற்குள். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு 40 சதவீதம் வெந்திருந்தால் 8 லிட்டர். எட்டு மணி நேரம் என்பது தீப்பட்ட கணத்திலிருந்து எண்ணப்படுவது, மருத்துவமனைக்கு வந்த கணத்திலிருந்து அன்று. மாட்டுவண்டியிலும் பேருந்திலும் மாவட்டத் தலைநகருக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் நாட்டில் இந்த ஒரு நிபந்தனையே பலரின் விதியை முடிவுசெய்தது.

இக்கணக்கில் முதல் டிகிரியை, அதாவது தோல் சிவந்து மட்டும் இருக்கும் பகுதியைச் சேர்க்கக் கூடாது. ஆழத்தைத் தவறாகக் கண்டால் பரப்பும் தவறும். பரப்பு தவறினால் நீர்மம் கூடியோ குறைந்தோ உயிருக்கு ஆபத்தாகும். அந்த ஆழமோ நிலையானதன்று. பர்மிங்காமின் ஜாக்சன் 1953-இல் ஒரே காயத்திற்குள் மூன்று வளையங்களைப் பிரித்துக் காட்டினார்: நடுவே உறைந்து இறந்த பகுதி, அதைச் சுற்றிக் குருதியோட்டம் தேங்கி உயிருக்கும் சாவுக்கும் இடையில் நிற்கும் பகுதி, வெளியே குருதி பெருகிய பகுதி. நடுவளையம் விரியுமா சுருங்குமா என்பது அடுத்த இரண்டு மூன்று நாட்களின் சிகிச்சையைப் பொறுத்தது. ஆகவே முதல் நாளில் எழுதப்படும் ஆழம் ஒரு மதிப்பீடுதான். தேர்ந்த கண்ணும் மூன்றில் ஒரு முறை பிழைக்கிறது என்பது துறையினர் ஒப்புக்கொள்ளும் செய்தி.

தோலில்லாத உடலை எதைக் கொண்டு மூடுவது என்ற கேள்வியில் இந்திய மருத்துவமனைகள் தமக்கே உரிய விடைகளைத் தேடின. பம்பாயில் கேஸ்வானி வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைக் கட்டுத்துணியில் பதித்துப் பயன்படுத்தி, 1980-களில் அதன் பயனை வெளியிட்டார். மும்பை சயான் மருத்துவமனையில் மதுரி கோரேயும் உடன்பணியாளர்களும் தொற்றுநீக்கிய வாழையிலையைக் காயத்தின்மேல் இட்டு ஆராய்ந்தனர். அங்கேயே 2000-இல் தோல் வங்கியும் தொடங்கப்பட்டது. வாழையிலை புண்ணில் ஒட்டாது, குளிர்ச்சி தரும், மலிவானது. கட்டுப்பிரிக்கும் நேரத்தின் வதையைக் குறைக்கும். அதிதக்தத்தை இலையால் மூடச் சொன்ன பழைய நூலோடு இதனைக் கோடிழுத்து இணைக்கும் ஆசை எழும். இணைப்புக்குச் சான்றில்லை. ஒட்டாத, ஈரமான, எளிதில் கிடைக்கும் ஒரு பரப்பு வேண்டும் என்ற தேவை இரு காலத்திலும் ஒன்றாயிருந்தது, அதுவரை சொல்லலாம்.

இந்தியாவில் தீக்காயத்தின் தரம் மருத்துவமனைச் சுவர்களுக்குள் நிற்பதில்லை. 2009-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு, 2001-ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 1,63,000-க்கு மேற்பட்ட தீ தொடர்பான இறப்புகள் நேர்ந்ததாக மதிப்பிட்டது. அவர்களில் 1,06,000 பேர் பெண்கள், பெரும்பாலோர் 15 முதல் 34 வயதினர். 1986-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 304-பி பிரிவு, திருமணமான ஏழு ஆண்டுகளுக்குள் நேரும் வரதட்சணை மரணத்தை வரையறுக்கும்போது, காயவகைகளில் ஒன்றை மட்டுமே தனிப்பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அது தீக்காயம். எஞ்சியவை உடற்காயம் என்ற பொதுச்சொல்லில் அடங்கிவிட்டன.

இத்தகைய வழக்குகளில் பெரும்பாலும் சாட்சி ஒருவரே, அவரும் இறந்துகொண்டிருப்பவர். 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், 32-ஆம் பிரிவில் மரண வாக்குமூலத்தை ஏற்றது. வாக்குமூலம் எழுதப்படும் தாளின் அருகே, சிகிச்சைக் குறிப்பேட்டில் ஒரு சதவீதம் எழுதப்பட்டிருக்கும். 80 என்றோ 90 என்றோ எழுதிய மருத்துவரின் மனத்தில் இருந்தது நீர்மக் கணக்கு. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதே எண்ணை எடுத்துக்கொண்டு வேறொன்றைக் கேட்பார்: இவ்வளவு வெந்தவர் தெளிவாகப் பேசியிருக்க முடியுமா?

விடை ஆழத்தில் இருக்கிறது. மேலோட்டமான காயமே மிகுதியாக வலிக்கும். தோல் முழுவதும் அழிந்த இடத்தில் நரம்பு முனைகளும் அழிந்துவிடுவதால் ஊசிமுனை தொட்டாலும் உணர்வதில்லை. அத்தகைய காயமுற்றவர் முதல் சில மணி நேரம் அமைதியாக இருப்பார், பெயர் சொல்வார், தண்ணீர் கேட்பார், குழந்தை எங்கே என்று விசாரிப்பார். உறவினர் அதைக் கண்டு நம்பிக்கை கொள்வர். பணியில் இருக்கும் மருத்துவர் அதே நேரத்தில் மாஜிஸ்திரேட்டுக்கு ஆளனுப்புவார். சுஸ்ருத சம்ஹிதையின் துர்தக்த வரியில் வேதனை என்ற சொல் இருக்கிறது. அதிதக்த வரியில் எரிச்சலும் தாகமும் மூர்ச்சையும் இருக்கின்றன, அந்தச் சொல் இல்லை. ஒரு சொல் இல்லாததை மட்டும் வைத்து அவர்கள் இதை அறிந்திருந்தார்கள் என்று முடிவுகட்ட இயலாது.

வாக்குமூலம் அளித்தவர் தெளிந்த மனநிலையில் இருந்தார் என்று மருத்துவர் சான்றளிக்காவிட்டால் அது செல்லாது என்ற வாதம் நீண்டகாலம் நீதிமன்றங்களைப் பிரித்துவைத்தது. 2002-இல் லக்ஷ்மண் எதிர் மகாராஷ்டிர மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு அதற்கு முடிவு கூறியது. மருத்துவரின் சான்று ஓர் எச்சரிக்கை விதி மட்டுமே. எழுதிக்கொண்டவர், பேசியவர் தெளிவுடன் இருந்தார் என்று மனநிறைவு பெற்றிருந்தால் வாக்குமூலம் நிற்கும். அன்று முதல், வெந்த உடலின் அருகே அமர்ந்து கேட்டவரின் சாட்சியம் சதவீதத்தோடு சமமாக எடைபோடப்படுகிறது.